நன்றியுரைக்குப் பின் எஞ்சுவது

மாநாடு என்றால் நம் நாட்டில் அதற்கென்று ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. இறைவணக்கமோ தமிழ்த்தாய் வாழ்த்தோ முதலில் வரும். பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். நடுவே கட்டுரை வாசிக்கும் அமர்வுகள். இறுதி நாள் மாலையில் விருதுகளும் பொன்னாடைகளும். எல்லாவற்றிற்கும் கடைசியில் நன்றியுரை. நூலகர்கள் கூடும் மாநாடுகளும் இந்த ஒழுங்கிற்கு விலக்கல்ல. நன்றியுரை ஆற்றவேண்டியவர் ஒலிவாங்கியை நெருங்கும்போது அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகியிருக்கும். பேருந்தைப் பிடிக்கவேண்டியவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். மேடையில் இருப்போர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் தம் தாளைப் புரட்டி, பெரிய பெயர்களை மட்டும் வாசித்துவிட்டு, 'பெயர் விடுபட்ட மற்றெல்லோருக்கும்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். நாட்டுப்பண்ணோடு கூட்டம் கலையும்.

அந்தப் 'பெயர் விடுபட்ட மற்றெல்லோரும்' யார்? இருக்கைகளை வரிசைப்படுத்தியவர்கள், வெளியூர் நூலகர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர்கள், புத்தகக் கண்காட்சிக்கு மூட்டைகளைச் சுமந்தவர்கள், இரவெல்லாம் விழித்திருந்து கட்டுரைத் தொகுப்பின் மெய்ப்புத் திருத்தியவர்கள். அவர்களைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம். விருது பெற்றோரைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமன்று. விருதுக்கும் நன்றிக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டு நூலக இயக்கத்தின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றி. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையைக் குறிக்கிறது. அதை அறிந்திருப்பதே பெற்றவனின் கடமை. இன்று நாம் 'நன்றி சொல்கிறோம்', 'நன்றி கூறுகிறோம்', 'நன்றி நவில்கிறோம்'. அறிய வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவதாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். அறிதல் என்றால் யார், என்ன, எப்போது செய்தார் என்று தெரிந்து வைத்திருத்தல். நூலகரைக் காட்டிலும் இந்த வேலைக்குப் பொருத்தமானவர் வேறு யார்? தகவலைத் தொலைத்துவிடாமல் உரிய இடத்தில் வைத்து, கேட்பவருக்குக் கேட்ட பொழுதில் எடுத்துக் கொடுப்பதுதானே அவருடைய தொழில்?

அம்பகரத்தூரிலிருந்து ஒரு பார்வை

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு வழியாகப் பேரளம் செல்லும் சாலையில், காரைக்கால் பகுதியின் மேற்கு ஓரத்தில் உள்ளது அம்பகரத்தூர். அம்பரன் என்னும் அசுரனைக் காளி வதைத்த புராணத்தோடு இணைத்துப் பேசப்படும் ஊர். பத்ரகாளியம்மன் கோயிலே அதன் அடையாளம். மேற்கே சிறிது தூரம் போனால் புதுவை ஆட்சிப்பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். ஒரே காவிரி நீர், ஒரே நெல், ஒரே பேச்சு. ஆயினும் இரண்டு ஆட்சிகள். காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரரின் நிர்வாகத்தில் இருந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது.

இவ்வூரை நடுவாக வைத்து டெல்டாவின் வரைபடத்தைப் பார்த்தால் நூலக வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு ஊர்கள் கண்ணில் படும். வடக்கே சீர்காழி. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர். அவர் பெயரின் முன்னெழுத்தான 'எஸ்' சீர்காழியின் ஆங்கில வழக்கான ஷியாழியைக் குறிப்பது. தென்மேற்கே மன்னார்குடி. அதையடுத்த மேலவாசலில்தான் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியொன்று ஊர் ஊராகப் புறப்பட்டது. முதலாமவருக்கு உலகம் விருதுகள் கொடுத்தது. இரண்டாவது நிகழ்ச்சி பெயர் விடுபட்டோரின் வரலாறு. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

கோயில் திருவிழாவை அறிந்தவர்களுக்கு இந்த இரட்டை நிலை புதிதல்ல. காப்புக் கட்டியது முதல் விடையாற்றி வரை பரிவட்டம் யாருக்கு முதலில், மாலை யாருக்கு அடுத்து என்பதற்கு வழிவழியாக ஒரு முறை இருக்கும். அந்த வரிசையில் சிறு பிழை நேர்ந்தாலும் ஊர் இரண்டுபடும். ஆனால் வைகாசி வெயிலில் தண்ணீர்ப் பந்தலில் நின்று நீர்மோர் ஊற்றியவருக்கும், பந்தி முடிந்தபின் இலை எடுத்தவருக்கும் அந்த வரிசையில் இடமில்லை. மாநாட்டு மேடையின் பொன்னாடை அந்தப் பரிவட்டத்தின் தம்பிதான். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற கவலையையும் அது அண்ணனிடமிருந்தே பெற்றுக்கொண்டது.

ஒரு மாநாடு முடிந்த பிறகு

1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியது. டாக்டர் அன்சாரி அதற்குத் தலைமை வகித்தார். அதையொட்டி அதே நகரில் அகில இந்தியப் பொது நூலக மாநாடும் நடைபெற்றது. அரசியல் மாநாட்டின் நிழலில் நடந்த சிறிய கூட்டம்தான். ஆனால் பேச்சு முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட பின்னும் சிலர் கலையவில்லை. மாநாட்டில் எழுந்த ஆர்வத்தை ஓர் அமைப்பாக்க முனைந்தார்கள். 1928 ஜனவரியில் சென்னை நூலகச் சங்கம் உருவானது. ரங்கநாதன் அதன் செயலாளரானார்.

மாநாடுகளை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எந்த அமைச்சர் விளக்கேற்றினார் என்பவை மறுநாள் நாளிதழுக்கு உரியவை. ஒரு மாதம் கழித்து யார் எஞ்சியிருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதே வரலாற்றுக்கு உரியது. 1927இன் மாநாடு முடிந்தபின் எஞ்சியவர்கள் செய்ததைப் பாருங்கள். 1929இல் நூலகப் பணிக்கான பயிற்சி வகுப்பைச் சங்கமே தொடங்கியது. அதன் பயன் தெரிந்தபின் 1931இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. அதே 1931இல் ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூலைச் சங்கம் வெளியிட்டது. பின்னர் உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் பாடமாகப் படித்த அந்த நூலை முதலில் அச்சேற்றியது பெரிய பதிப்பகம் எதுவுமல்ல. அங்கத்தினர் சந்தாவில் நடந்துவந்த ஒரு தன்னார்வச் சங்கம்.

விருது பெற்றவர்

ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறையின் கலகலப்பிலிருந்து வந்தவருக்கு ஆளற்ற அலமாரிகளின் நடுவே உட்கார்ந்திருப்பது தண்டனையாகப் பட்டது. திரும்பிப் போய்விடவே எண்ணினார். இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்றுவிட்டு முடிவு செய்யலாம் என்று இருத்தப்பட்டார். லண்டனில் பயின்று, அந்நாட்டின் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தபோதுதான் நூலகம் என்பது ஒரு சமூகத்தையே மாற்றும் கருவி என்று உணர்ந்தார். 1925இல் ஊர் திரும்பியவர் வேறு மனிதர். அதன்பின் நாள்தோறும் பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம் நூலகத்திலேயே கழிந்தது. விடுமுறை என்ற பேச்சே இல்லை. 1933இல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது.

பட்டங்களும் பின்தொடர்ந்தன. 1935இல் ராவ் சாகிப். 1948இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மதிப்புறு டாக்டர் பட்டம். 1957இல் பத்மஸ்ரீ. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி. 1970இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மார்கரெட் மான் விருது. 1972இல் அவர் காலமானார். அவர் பிறந்த ஆகஸ்ட் மாதத்தின் 12ஆம் நாள் நாடு முழுவதும் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டரசு பொது நூலகத் துறையில் சிறந்து பணியாற்றுவோருக்கு அவர் பெயரில் நல்நூலகர் விருது அளித்துவருகிறது.

இந்த விருதுகளின் அருமையை நாம் மறக்கலாகாது. நூலகரைப் 'புத்தகத்துக்குக் காவல் இருப்பவர்' என்று கருதிய காலம் நெடியது. கல்லூரியில் ஆசிரியருக்குக் கிடைக்கும் வணக்கம் நூலகருக்குக் கிடைத்ததில்லை. ஒரு சிற்றூர்க் கிளை நூலகர் மேடையேறிப் பதக்கம் வாங்கும்போது, அவரோடு கூட மதிக்கப்படாத ஒரு தொழிலும் மேடையேறுகிறது. பூட்டிய அலமாரியைத் திறந்துவிட்டவர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக மாலையில் கூடுதலாக ஒரு மணிநேரம் விளக்கெரித்தவர், பாழடைந்த கட்டடத்துக்கு ஓடு மாற்ற நாலு வீடு ஏறி இறங்கியவர் என்று ஒவ்வொரு பதக்கத்திற்கும் பின்னால் ஓர் உழைப்பு இருக்கும்.

ஆனால் விருது பெற்றவர்களில் தலையாயவரான ரங்கநாதன், தமக்குச் செய்யப்பட்ட நன்மையை எவ்வாறு 'அறிந்தார்' என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டு செய்திகளைச் சொல்கிறோம்.

ஐந்து விதிகளைச் சிந்தித்துக்கொண்டிருந்த நாட்களில், முதல் விதிக்கு உரிய சொல் அவருக்குக் கிட்டவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ், தம் மாணவர் படும் பாட்டைக் கண்டு, புத்தகம் பயன்படுத்தப்படுவதற்கே உரியது என்ற பொருளில் ஒரு சிறு தொடரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதுவே முதல் விதியாயிற்று. உலகம் முழுவதும் ரங்கநாதனின் பெயரால் வழங்கும் விதி. இப்படி ஒருவர் சொன்னார் என்பதை ரங்கநாதன் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அவரே சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

மற்றொன்று, 1956இல் நிகழ்ந்தது. தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து நூலக அறிவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி அமைய வழி செய்தார். அன்றைய ஒரு லட்சம் சிறிய தொகையன்று. அந்தப் பதவிக்குத் தம் பெயரை அவர் இடவில்லை. மனைவி சாரதாவின் பெயரைச் சேர்த்து 'சாரதா ரங்கநாதன்' பெயரில் அமைத்தார். 1961இல் பெங்களூரில் அவர் நிறுவிய அறக்கட்டளையும் அதே பெயரையே தாங்கியது. இரவும் பகலும் நூலகத்திலேயே வாழ்ந்த மனிதரின் வீட்டை நடத்தியவர் ஒருவர் உண்டல்லவா? அந்த ஊதியமில்லா உழைப்பு எந்த மாநாட்டின் நன்றியுரையிலும் வராது. வருகைப் பதிவேட்டிலும் வராது. அதை அறிந்தவர் ஒருவரே. அவர் அதை ஒரு பல்கலைக்கழகப் பதவியின் பெயராக்கிவிட்டார்.

வண்டி கொடுத்தவரும் வண்டி ஓட்டியவரும்

1931 அக்டோபர் 21 அன்று மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் தொடங்கப்பட்டது. வண்டியை அளித்தவர் கனகசபைப் பிள்ளை. சென்னை நூலகச் சங்கத்தின் ஊக்கம் அதன் பின்னணியில் இருந்தது. நடமாடும் நூலகம் என்றால் மோட்டார் வண்டிதான் என்று மேனாடுகள் எண்ணத் தொடங்கியிருந்த காலத்தில், டெல்டாவின் வண்டிப்பாதைகளுக்கு எது ஒத்துவரும் என்று அறிந்து செய்த ஏற்பாடு அது. வாய்க்கால் மதகையும் சேற்றுப் பாதையையும் தாண்ட மாட்டு வண்டியைவிடச் சிறந்த வாகனம் அன்றில்லை. நெல் மூட்டை ஏற்றும் வண்டி புத்தகம் ஏற்றியது. மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களில், பள்ளிப் புத்தகம் தவிர வேறு அச்சுத்தாளைக் காணாத வீடுகளின் வாசலில் அது போய் நின்றது.

நூலக வரலாற்றைச் சொல்லும் எவரும் இந்த வண்டியை விட்டுவிடுவதில்லை. வண்டி அளித்த வள்ளலின் பெயரும் தவறாமல் சொல்லப்படுகிறது. சொல்லப்படவும் வேண்டும். ஆனால் பரவலாக வழங்கும் வரலாற்றுக் குறிப்புகளில் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குப் பெயரில்லை. அவர் 'வண்டிக்காரர்' மட்டுமே. இரவல் கொடுத்த புத்தகத்தை எழுதிவைத்துத் திரும்பப் பெற்றவருக்கும் பெயரில்லை. எந்தத் திண்ணையில் புத்தகங்கள் இறங்கின, எந்த வீட்டுப் பெண் முதல் புத்தகத்தை வாங்கினாள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் வாசித்துக் காட்டினார் என்ற கேள்விகளுக்கும் அந்தக் குறிப்புகளில் இடமில்லை.

நன்றியைப் பதிவு செய்யாததால் வரும் இழப்பு இங்கேதான் தெரிகிறது. நன்றி என்பது மரியாதைச் சடங்கு மட்டுமாக இருந்தால் அது விடுபட்டாலும் பெரிய நட்டமில்லை, மனவருத்தத்தோடு போகும். ஆனால் நன்றி என்பது தகவலும்கூட. ஒரு காரியம் எப்படி நடந்தது என்பதற்கான சான்று. வண்டியை யார் கொடுத்தார் என்று மட்டும் எழுதிவைத்தால், அடுத்த தலைமுறை 'வண்டி இருந்தால் போதும்' என்றே எண்ணும். வண்டி கொடுக்க வள்ளல்கள் முன்வருவார்கள். திறப்பு விழா நடக்கும். ஓட்டுவதற்கு ஆளின்றி அது கொட்டகையில் நிற்கும். இப்படி நின்றுபோன நல்ல முயற்சிகளை வாசகர்கள் தத்தம் ஊர்களிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லைக்கு இப்பாலும் அப்பாலும்

தன்னார்வத்தையே நம்பி நூலகங்களை நடத்திவிட முடியாது என்பதை ரங்கநாதனே முதலில் உணர்ந்தார். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டுக்காக ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை அவர் வரைந்தளித்தார். அடுத்த பதினெட்டு ஆண்டுகள் முயற்சியும் தோல்வியும் மறுமுயற்சியுமாகக் கழிந்தன. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி பெறும் முறை இதனால் வந்தது. ஊரில் கூரைக்கு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்திற்குப் பொருள் கொடுத்தவராயினர். அவர்களும் பெயர் விடுபட்டோரே.

இச்சட்டம் அம்பகரத்தூரை எட்டவில்லை. அப்போது அது பிரெஞ்சு மண். பிரெஞ்சு நிர்வாகத்திற்கென்று தனி நூலக மரபு ஒன்று புதுச்சேரியில் இருந்தது. 1827இல் தொடங்கிய அந்நூலகமே பின்னாளில் ரொமேன் ரோலந்து பெயரைப் பெற்றது. இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. ஆனால் அது தலைநகரத்தின் சொத்து. காரைக்காலின் வயற்புறத்துக்கு அது வெகுதூரம். புதுவை ஆட்சிப்பகுதிக்கென ஒரு பொது நூலகச் சட்டம் 2007இல்தான் வந்தது. பேரளத்துக்கும் அம்பகரத்தூருக்கும் இடையே உள்ள சில கல் தொலைவைச் சட்டம் கடக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. அத்தகைய இடைவெளிகளில் வாசிப்பை உயிரோடு வைத்திருப்பது யார்? டெல்டாவில் எந்த ஊரானாலும் விடை ஒன்றுதான். பத்திரிகையை வாங்கித் தேநீர்க் கடைப் பலகையில் போடுபவர், பழைய புத்தகங்களைத் தம் திண்ணையில் அடுக்கி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பவர், மன்றம் என்று பெயர் வைத்து ஓர் அறைக்கு வாடகை கட்டும் இளைஞர்கள். அரசு வருவதற்கு முன் வருபவர்கள் இவர்கள்.

எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களுக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு பலகையைக் காணலாம். புரவலர் பலகை. ஆயிரம் ரூபாய் அளித்தவர்கள் புரவலர்கள். அவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நல்ல ஏற்பாடுதான், பல நூலகங்களுக்கு நாற்காலியும் மின்விசிறியும் அப்படித்தான் வந்தன. ஆனால் பணம் கொடுத்தவருக்குப் பலகை இருக்கிற அதே சுவரில், உழைப்புக் கொடுத்தவருக்குப் பலகை இல்லை. ஞாயிறுதோறும் வந்து கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவிய ஓய்வுபெற்ற ஆசிரியர், வாசகர் வட்டக் கூட்டத்திற்கு ஒவ்வொரு முறையும் பாய் விரித்தவர், மழைக்காலத்தில் ஒழுகும் இடத்துக்குக் கீழிருந்த அலமாரியை நகர்த்தியவர் ஆகியோர் எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. வாசகர் வட்டங்களில் தொண்டாற்றுவோருக்கு நூலக ஆர்வலர் விருது என ஒன்றை அரசு அளிக்கத் தொடங்கியிருப்பது இந்தக் குறையைச் சிறிதளவு தீர்க்கும் முயற்சி. ஆயினும் விருது மாவட்டத்துக்கு ஒருவரையே எட்ட முடியும். பதிவேடு எல்லோரையும் எட்டும்.

844 நூல்கள்

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே வரலாறுதான். 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலேயே ஓர் இலவச நூலகத்தைத் தொடங்கினார். ஊர்ப் பெரியோர் கூடி நிதி திரட்டினர். 1934இல் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு பொது நூலகம் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்துப் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது ஆலோசகராக அழைக்கப்பட்டவர் நம் சீர்காழி ரங்கநாதன். கட்டட வரைபடம் சென்னையின் நரசிம்மன் வரைந்தது. 1959இல் அது திறக்கப்பட்டது. 844 என்பது ஏறத்தாழ 97,000 ஆக வளர்ந்தது. 1981இல் மே மாதக் கடைசி இரவில் அது எரிக்கப்பட்டது.

எரிந்ததை எண்ணி அழுவதோடு வரலாறு முடியவில்லை. 2005இல் இளைஞர்கள் சிலர் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்கத் தொடங்கினர். ஒருவர் தம் வீட்டுப் புத்தகத்தைக் கொடுக்க, ஒருவர் பக்கம் பக்கமாக ஒளிவருட, ஒருவர் விவரம் பதிய, ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சிதறியிருந்தவர்கள் சேர்ந்து எழுப்பிய நூலகம் அது. அதற்குக் கட்டடமில்லை, எரிக்கவும் முடியாது. செல்லப்பாவின் வீட்டு அறையில் தொடங்கிய கதை, பலருடைய வீட்டு அறைகளுக்குத் திரும்பியது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெயர் எழுதும் மரபு

பெயர்களைப் பதியும் பழக்கம் நமக்குப் புதியதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்கு ஏட்டுச்சுவடி அளித்தவர்களைப் பெயர் சொல்லி முகவுரையில் குறித்தார். பின்னர் வந்த பதிப்புகளிலும் அவ்வாறே செய்தார். அந்தப் பட்டியலை வெறும் உபசாரமாகக் கருதுபவர் பதிப்பு வரலாறு அறியாதவர். எந்தச் சுவடி எந்த ஊரில் எவரிடம் இருந்தது என்ற செய்தி இன்று நமக்குக் கிடைப்பது அந்த நன்றியறிதலால்தான். நன்றி அங்கே ஆவணமாகிவிட்டது.

நூறாண்டுக்குப் பின் அதே மரபைக் கணினியில் தொடர்ந்தது மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய அம்முயற்சியில் பல நாடுகளில் வாழும் தமிழர்கள், கூலி எதுவுமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனைவருக்கும் இலவசமாக அளித்தார்கள். அதன் மின்னூல் எதைத் திறந்தாலும் பாட்டுக்கு முன்னால் நன்றி வருகிறது. தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று. இலக்கியத்துக்குள் நுழையும் வாசலிலேயே உழைத்தவரின் பெயர். நன்றியுரையைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்துவிட்டால் யாரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போக முடியாது.

'தொண்டு செய்பவர் பெயரை விரும்புவதில்லை. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது' என்று சிலர் சொல்லக்கூடும். பெயர் வேண்டாம் என்பது தொண்டரின் பண்பு. அதைச் சாக்காகக் கொண்டு நாம் மறந்துவிடுவது நம்முடைய பண்பாகாது. அவர் கேட்காமலிருப்பார், நாம் எழுதாமலிருக்கக் கூடாது.

நூலகர் மாநாடுகளை நடத்தும் நண்பர்களுக்கும் ஊர் நூலகங்களின் வாசகர் வட்டத்தாருக்கும் ஒரு சிறு வேண்டுகோள். விருதுகள் தொடரட்டும், இன்னும் பெருகட்டும். அவற்றோடு ஒவ்வொரு நூலகத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். விலை நாற்பது ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாது. பெயர், நாள், செய்த பணி என மூன்றே பத்திகள். பாய் விரித்தவரும், வண்டி ஓட்டியவரும், பசை தடவியவரும் அதில் வரட்டும். மாநாட்டு மலர் அச்சிடும்போது கடைசிப் பக்கத்தில் அல்லாமல் முதல் பக்கத்தில் அந்தப் பெயர்கள் இருக்கட்டும். பகுப்பெண் இட்டு அந்தக் குறிப்பேட்டையும் அலமாரியில் வைத்துவிடலாம். அதுவும் ஒரு நூல்தான். ரங்கநாதன் வகுத்தபடி, அதற்கும் ஒரு வாசகர் என்றேனும் வருவார். நூறாண்டு கழித்து வரும் அவருக்கு, 1931இன் வண்டிக்காரரைத் தேடும் நம்மைப்போல் வெறுங்கையோடு திரும்பவேண்டிய நிலை இராது.